அப்பா ஏன் குடித்தார்? ‘தி வெஸ்ட் விங்’ தொடரின் ஒரு காட்சியும் அதற்குள் இருக்கும் மருத்துவமும்

‘தி வெஸ்ட் விங்’ என்ற அமெரிக்கத் தொடரில் லியோ மெக்கேரி என்று ஒரு பாத்திரம். வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர். அதிபரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இவரைத் தாண்டித்தான் போக வேண்டும். குடிநோயாளி, வேலியம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைக்கும் அடிமையாக இருந்து, சிகிச்சை பெற்று மீண்டவர். ஜான் ஸ்பென்சர் நடித்தார். தொடரின் முதல் பருவத்தில், 2000 ஜனவரி 26 அன்று என்பிசி ஒளிபரப்பிய பகுதியில், லியோவும் ஓர் இளம்பெண்ணும் அவருடைய அறையில் பேசிக்கொள்ளும் காட்சி வருகிறது. பாட்டில் உடைவதில்லை. யாரும் கத்துவதில்லை. சில நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். குடியைப் பற்றித் தொலைக்காட்சியில் நான் பார்த்தவற்றில் இதைவிட மனதைப் பிசைந்த காட்சி இல்லை.

பெண்ணின் பெயர் கேரன். பணியாளர் பிரிவில் கடைநிலை ஊழியர். லியோவின் கோப்பைப் பார்த்து, அவர் சிகிச்சை மையத்தில் இருந்த விவரத்தை எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும்படி செய்தவள். மாட்டிக்கொண்டாள், வேலை போயிற்று. போகும் முன் லியோ அவளைக் கூப்பிட்டு அனுப்புகிறார். திட்டுவார் என்று நாமும் எதிர்பார்க்கிறோம், அவளும் எதிர்பார்க்கிறாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அவளுடைய அப்பாவிடம் வந்து நிற்கிறது. அவரும் குடித்தவர். லியோவின் அப்பாவும் அப்படித்தான்.

அப்புறம் அவள் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். உங்கள் வாழ்க்கையில் ஏதாவது நடந்ததா, அதனால்தான் குடித்தீர்களா என்கிறாள். நான் குடிநோயாளி, அதனால் குடித்தேன் என்கிறார் லியோ. குணமாக எவ்வளவு நாள் ஆயிற்று? குணமாகவில்லை, ஆகவும் ஆகாது. ஆறரை வருடமாகத் தொடவில்லை, நாளைக்குத் தொட மாட்டேன் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் ஒன்று குடித்தால் தப்பா? எனக்கு ஒன்று வேண்டாம், பத்து வேண்டும், அதுதான் பிரச்சினை. இப்போது நிலைமை அவ்வளவு மோசமாகவா இருக்கிறது? இல்லை. பின்னே ஏன்? நான் குடிநோயாளி என்பதால்.

முதல் தடவை கேட்கும்போது இது பதிலே இல்லை என்று தோன்றும். மழை ஏன் பெய்கிறது என்றால் மழைக்காலம் என்பதால் என்று சொல்கிற மாதிரி. லியோ மழுப்புகிறாரோ என்றுகூடப் படும். ஆனால் கேட்பவள் யார் என்று பார்க்க வேண்டும். குடிப்பவரின் மகள். ‘ஏதாவது நடந்ததா’ என்று அவள் கேட்பது லியோவைப் பற்றி அல்ல. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியின் முழு வடிவம் தெரியும்: எங்களால்தானா? நான் மார்க் குறைவாக எடுத்ததாலா, அம்மா அன்றைக்குச் சண்டை போட்டதாலா, தம்பி பிறந்ததாலா? நான் இன்னும் கொஞ்சம் சமர்த்தாக இருந்திருந்தால் அவர் விட்டிருப்பாரா?

எதையுமே காரணமாகச் சொல்ல மறுக்கும் அந்தப் பதில், அவளை அந்த வழக்கிலிருந்து விடுவிக்கிறது. குடித்தவருக்குக் குடிநோய் இருந்தது. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட குழந்தை அதற்குக் காரணமில்லை. லியோ இதை உபதேசமாகச் சொல்லியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார். அவளுக்கு வேண்டியது அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

இது கதாசிரியரின் கற்பனைச் சாமர்த்தியம் மட்டுமல்ல. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் அமைப்பில் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கும் மூன்று வாக்கியங்கள் உண்டு: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. வருடக்கணக்கில் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டி, சட்டைப் பையைச் சோதித்து, அலுவலகத்துக்குப் பொய் சொல்லி லீவு கேட்டுக் களைத்தவர்கள் முதல் வாக்கியத்திலேயே உடைந்துவிடுவார்கள். அமெரிக்க அரசின் போதை மற்றும் மனநலச் சேவை அமைப்பு 2009 முதல் 2014 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது, சுமார் 75 லட்சம் பிள்ளைகள் குடிநோய் உள்ள பெற்றோருடன் வளர்கிறார்கள் என்று தெரிந்தது. பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கும் மேல். 2000-இல் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் எத்தனை கேரன்கள் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டு அப்பாக்களையும் காட்சிக்குள் கொண்டு வந்ததும் சும்மா இல்லை. குடிநோய் குடும்பங்களில் தொடர்வது பழைய சேதி. அது வளர்ப்பினாலா, பிறப்பினாலா என்பதுதான் சண்டை. டொனால்ட் குட்வினும் குழுவினரும் 1973-இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே பிறந்த வீட்டைவிட்டு வந்தவர்கள். பெற்ற தகப்பன் குடிப்பதைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். அப்படியும் குடிநோயாளிக்குப் பிறந்த ஆண்களுக்கு, மற்றத் தத்துப் பிள்ளைகளைவிடக் குடிநோய் வந்தது ஏறக்குறைய நான்கு மடங்கு. அதன்பின் வந்த இரட்டையர் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், குடிநோய்க்கான சாய்வில் பாதியளவு மரபுவழி என்பது இன்றைய கணிப்பு. மீதிப் பாதி இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. லியோ சொல்லும் ‘நான் குடிநோயாளி’ என்பதற்குள் இவ்வளவும் அடங்கும்.

நாடகத்துக்கு இந்தப் பதில் பிடிக்காது. நாடகம் காரணத்தைத் தின்று வளரும் பிராணி. ஒரு மனிதன் குடித்தால் எதற்கு என்று கேட்கும். செத்துப்போன மகனையோ ஓடிப்போன மனைவியையோ போர் நினைவையோ எடுத்து நீட்டும். ‘என்ஒய்பிடி புளூ’ தொடரில் சில வருடம் குடிக்காமல் இருந்த துப்பறிவாளர் சிப்போவிட்ஸ், 1996-இல் மகன் கொலையுண்டதும் மறுபடி குடிக்கிறார். டென்னிஸ் பிரான்ஸ் அதை அற்புதமாக நடித்தார், குறை சொல்லவில்லை. துக்கம் மனிதரைக் குடிக்குத் தள்ளுவது நிஜமாகவே நடப்பதுதான். ஆனாலும் பார்ப்பவர் மனதில் ஒரு கணக்கு பதிந்துவிடும்: பெரிய துக்கம் வந்தால் குடி, துக்கம் தீர்ந்தால் விடுதலை. எந்தத் துக்கமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குடித்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவர் வெறும் கெட்டவர் ஆகிவிடுகிறார்.

பழைய தொலைக்காட்சி இந்த விஷயத்தில் சில சமயம் தைரியமாகவே இருந்தது. 1958 அக்டோபர் 2 அன்று சிபிஎஸ்-இன் ‘பிளேஹவுஸ் 90’ வரிசையில் ஜே.பி. மில்லர் எழுதிய ‘டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோசஸ்’ ஒளிபரப்பானது. கணவனும் மனைவியும் சேர்ந்தே குடிக்கிறார்கள். பெரிய சோகம் எதுவும் அவர்களைத் துரத்தவில்லை. கணவன் விடுகிறான், மனைவியால் முடியவில்லை, அன்பு போதவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை மருத்துவமனையில் அனுமதித்துப் பார்க்க வேண்டிய நோய் என்று ஏற்றது 1956-இல். இரண்டே ஆண்டில் அது வரவேற்பறைப் பெட்டிக்குள் வந்துவிட்டது.

சரி, ‘பத்து வேண்டும்’ என்பது என்ன?

மது மூளையில் இரண்டு வேலை செய்கிறது. நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது. கிளர்த்திவிடும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. தோள் தளர்வது, பேச்சு வருவது எல்லாம் அதனால்தான். தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. அடக்கும் பக்கத்தை மட்டுப்படுத்தி, கிளர்த்தும் பக்கத்தை ஏற்றிவைத்துச் சமன் செய்துகொள்ளும். பழைய அளவு பிறகு போதாது. திடீரென்று நிறுத்தினால், ஏற்றிவைத்த கிளர்ச்சி மட்டும் மிஞ்சும்: ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வதும், இல்லாத ஆளோடு பேசுவதும், காய்ச்சலும் சேர்ந்த உளறல் நிலை. இந்தக் கடைசி நிலை உயிரை வாங்கும். பல வருடம் கடுமையாகக் குடித்தவர் வீட்டறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சபதம் போட்டு நிறுத்தும் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அது வீரம் இல்லை, ஆபத்து. அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். லியோ அடிமையாகியிருந்த வேலியமும் அதன் குடும்பத்து மாத்திரைகளும்தான் அந்த வலிப்பைத் தடுக்க மருத்துவமனையில் கொடுக்கப்படுகின்றன; மது தொடும் அதே காபா கதவைத்தான் அவையும் தொடுகின்றன. குடியை மாத்திரையால் சமாளிக்கப் போய் இரண்டிலும் மாட்டிக்கொண்டவர்கள் லியோவைப் போல நிறையப் பேர்.

நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆறரை வருடம் கழித்தும் ‘பத்து’ ஏன் அடங்கவில்லை? அது இன்னொரு சங்கதி. டோபமின் என்ற வேதிப்பொருள் ஓடும் மூளைப் பாதைகள், குடியோடு சேர்ந்து வந்த ஒவ்வொரு அடையாளத்தையும் முக்கியமான செய்தியாகக் குறித்துவைத்துக்கொள்கின்றன: கிளாஸ், நாற்றம், நண்பனின் சிரிப்பு, சாயங்கால வெளிச்சம். டெர்ரி ராபின்சனும் கென்ட் பெர்ரிட்ஜும் 1993-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். பிடிப்பது வேறு, வேண்டுவது வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு. பழக்கம் முற்ற முற்ற, குடியில் கிடைக்கும் சுகம் குறைந்துகொண்டே போனாலும் வேட்கை மட்டும் ஏறிக்கொண்டே போகலாம். இனிமேல் இதில் ஒரு சந்தோஷமும் இல்லை என்று தெரிந்தே கை நீட்டும் மனிதரை வீட்டார் புரிந்துகொள்ள முடியாமல் தவிப்பது இந்த இடத்தில்தான். ‘பிடிக்கலேன்னா விட வேண்டியதுதானே?’ என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வேறொரு மூளைக்கான கேள்வி.

இதே தொடர் அந்த அடையாளங்களைக் கிட்டத்தில் காட்டிய தருணமும் உண்டு. 2001 டிசம்பர் 12 அன்று வந்த பகுதியில், நாடாளுமன்றக் குழு லியோவை விசாரிக்கிறது. தேர்தல் பிரசாரத்தின்போது ஒரு ஹோட்டல் அறையில் தான் மறுபடி குடித்த இரவைத் தன் வழக்கறிஞரிடம் அவர் சொல்கிறார். வழக்கறிஞராக நடித்தவர் ஜோனா கிளீசன். லியோ குடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கிளாஸைப் பற்றிப் பேசுகிறார். கையில் எடுத்தால் எப்படி இருக்கும், அடி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று. பிறகு ஐஸ் கட்டி. அதைச் சரியான உயரத்திலிருந்து விட வேண்டும். ரொம்ப மேலிருந்து விட்டால் விளிம்பு உடையும், உடைந்த ஐஸ் விஸ்கியில் சீக்கிரம் கரைந்துவிடும். ஸ்பென்சர் இதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கமும் இல்லை, துயரமும் இல்லை. காதலித்தவளைப் பற்றிப் பேசுகிற முகம். அந்தப் பிரியத்தைப் பார்த்தபின்தான் நமக்குப் பயம் வருகிறது. ஒரு கிளாஸோடு எழுந்து போகிறவர்களை, பாதி ஒயினை மேசையில் விட்டுப் போகிறவர்களைத் தனக்குப் புரிவதே இல்லை என்றும் சொல்கிறார். தன் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறதாம். இந்தப் பகுதிக்காக 2002-இல் ஸ்பென்சருக்கு எம்மி விருது கிடைத்தது. தானும் மீண்டுகொண்டிருக்கும் குடிநோயாளிதான் என்று அவர் வெளிப்படையாகவே பேசியவர். தொடரை உருவாக்கி, இந்த இரண்டு பகுதிகளையும் எழுதிய ஆரன் சார்க்கினும் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்தான். ஐஸ் கட்டியின் உயரம் நூலகத்தில் கிடைக்கிற தகவல் இல்லை.

இந்த இரண்டாம் காட்சி முதல் காட்சிக்கு ஒரு வினோதம் செய்துவிட்டது. பிரசாரம் நடந்தது, தொடரின் காலக்கணக்குப்படி, 1998-இல். அப்படியானால் 2000 ஜனவரியில் கேரனிடம் லியோ சொன்ன ‘ஆறரை வருடம்’ பொய். உண்மைக் கணக்கு ஒன்றரை வருடம்கூட வராது. எழுதியவர் இதை முன்கூட்டியே திட்டமிட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. தொடர் எழுதுகிறவர்களுக்கு இப்படி முடிச்சு விழுவது சகஜம். ஆனால் விழுந்த முடிச்சு நிஜத்துக்கு வெகு பக்கத்தில் விழுந்திருக்கிறது. குடிக்காத நாட்களை எண்ணி வைத்திருப்பவர்களுக்குச் சறுக்கிய ஒரு ராத்திரியை மறைப்பதைவிடப் பெரிய சபலம் இல்லை. குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழக்கப்படி சறுக்கினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். குடிக்காத வருடத்துக்கொன்றாகக் கிடைத்த, நாணயம் போன்ற வில்லையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. மனிதர்கள் அதற்குக் கூசுகிறார்கள்.

அந்தக் கூச்சமே ஒரு கண்ணி என்று உளவியலாளர் ஆலன் மார்லட் காட்டினார். ஜூடித் கார்டனோடு சேர்ந்து 1985-இல் அவர் வெளியிட்ட நூல், மறுபடி விழுவதைத் தடுக்கும் சிகிச்சைக்கு இன்றும் அடிப்படை. முதல் கிளாஸைவிட, அதைக் குடித்தபின் ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்வதே பெரும் சேதம் செய்கிறது என்கிறார்: எல்லாம் போச்சு, நான் உருப்படாதவன், இனி எவ்வளவு குடித்தால் என்ன? சறுக்கல் வீழ்ச்சியாவது அந்த நினைப்பில்தான்.

மார்லட்டின் இன்னொரு சோதனை லியோவின் ‘பத்து’ மீதே கை வைக்கிறது. 1973-இல் குடிநோயாளிகளையும் சாதாரணமாகக் குடிப்பவர்களையும் அழைத்து, பானங்களின் சுவையை மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் (ஒரு கசப்புச் சோடா), சிலருக்கு வெறும் டானிக். கோப்பைக்குள் இருந்தது ஒன்று, வாயால் சொன்னது இன்னொன்று என்று வேண்டுமென்றே மாற்றியும் கொடுத்தார்கள். யார் அதிகம் குடித்தார்கள்? வோட்கா இருக்கிறது என்று நம்பியவர்கள். உண்மையில் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. குடிநோயாளிகளுக்கும் அப்படித்தான். முதல் துளி உள்ளே போனதும் உடம்பு தானாகப் பத்தைக் கேட்கும் என்ற நேரடி விளக்கம் இதோடு ஆட்டம் கண்டது. உடம்பும் உண்டு, ஆனால் ‘நான் ஒன்றோடு நிறுத்த முடியாதவன்’ என்ற நம்பிக்கையும் கையைப் பிடித்து இழுக்கிறது. லியோ சொல்வது பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவரைப் போன்றவருக்கு அந்த முதல் கிளாஸைத் தொடாமல் இருப்பதே எளிய வழி. எல்லாருக்கும் அதுவே விதி என்று காட்சியிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் தவறு.

கேரன் விஷயத்துக்குத் திரும்புகிறேன். லியோ ஏன் அவளிடம் பேசுகிறார்? அவருக்கு என்ன தேவை? இதற்கு 1935-க்குப் போக வேண்டும்.

அந்த மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர், வியாபாரப் பேரம் தோற்றுப்போய் ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில் மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. பக்கத்தில் மதுக்கூடத்துச் சத்தம் கேட்கிறது. உள்ளே போவதற்குப் பதிலாகத் தொலைபேசியை எடுத்து, ஊரில் உள்ள மதகுருமாரின் பெயர்களைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கிறார். பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்கிறார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, கல்லீரலைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. ஸ்மித் மருத்துவர், அதெல்லாம் அவருக்குத் தெரியும். தன் கதையைச் சொன்னார். தான் அன்றிரவு குடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். ஸ்மித் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 என்று வைத்து, அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

லியோ–கேரன் காட்சியின் எலும்புக்கூடு இதுதான். சொல்பவர் தன் கதையை மட்டும் சொல்கிறார். கேட்பவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். சொன்னதால் சொன்னவருக்கும் ஒரு நாள் கிடைக்கிறது. அந்த அமைப்பின் கூட்டங்களில் பெயரைச் சொல்லி, குடிநோயாளி என்று அறிமுகம் செய்துகொண்டு பேசும் அந்த மரபு தெரியாதவர்கள்கூட இக்காட்சியில் உருகிவிடுவார்கள். தெரிந்தவர்களுக்கு லியோ ஒரு கூட்டத்தையே தன் அறையில் நடத்திக்கொண்டிருக்கிறார் என்பது புரியும். அதே பருவத்தில் முன்னால் வந்த ஒரு பகுதியில், துணை அதிபரும் தான் குடிநோயாளி என்று லியோவிடம் ஒப்புக்கொண்டு, வெள்ளை மாளிகை வளாகத்திலேயே சீட்டாட்டம் என்ற பெயரில் நடக்கும் ரகசியக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார். மேடையில் எதிரெதிராக நிற்கிறவர்கள் அந்த அறையில் சமம். அரசியல் தொடர் ஒன்றில் இதைவிட அரசியலான கற்பனை எனக்குத் தோன்றவில்லை. காட்சி முடிவில் லியோ கேரனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கொஞ்சம் இனிப்புக் கூடிவிட்டது என்றுதான் சொல்வேன். மன்னிப்பு இல்லாமலேயே அந்தக் காட்சி நின்றிருக்கும்.

இந்தக் கூட்டங்களால் பலன் உண்டா என்பது நெடுங்காலம் நம்பிக்கை சார்ந்த சண்டையாகவே இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. கூட்டங்களுக்குப் போக ஊக்குவிக்கும் முறையான சிகிச்சை, குடியை முழுக்க நிறுத்துவதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நன்றாக வேலை செய்தது. மற்ற அளவுகோல்களில் ஏறத்தாழ அவற்றுக்கு இணை. இவ்வளவு மலிவான ஏற்பாட்டுக்கு இது பெரிய சான்றிதழ்.

ஆனால் கதை இந்த ஒரு பாதையோடு முடிவதில்லை. தொலைக்காட்சி பார்த்தால் மீட்சி என்றாலே கூட்டம், அல்லது பாலைவனத்தில் ஒரு சிகிச்சை மையம் என்று தோன்றும். அமெரிக்காவில் 2001–2002-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாக இருந்த 4,422 பேரின் அப்போதைய நிலை என்ன என்று பார்த்தார்கள். 25 சதவீதம் பேர் இன்னும் அடிமைகள். 18 சதவீதம் பேர் அறவே விட்டிருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவினர், ஆபத்தில்லாத அளவுக்குக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள். மீதிப்பேர் நடுவில் எங்கெங்கோ. எப்போதாவது எந்த உதவியாவது தேடிப் போனவர்கள் மொத்தத்தில் கால்வாசிதான். கடுமை குறைந்தவர்களே தானாகத் தேறுவது அதிகம், லியோக்கள் குறைவு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தது: 11 அறிகுறிகளில் ஓராண்டுக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து இருந்தால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமை. குடிநோயாளி, குடிநோயாளி இல்லை என்ற இரண்டே பெட்டிகள் அங்கே இல்லை.

மருந்துகளைப் பற்றியும் திரையில் பேச்சே வருவதில்லை. டைசல்ஃபிரம் அமெரிக்காவில் 1951 முதல் உண்டு. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கும் மாத்திரை. அதையாவது பயமுறுத்தும் பொருளாகச் சிலர் கதையில் சேர்ப்பார்கள். நால்ட்ரெக்சோனுக்குக் குடிநோய்க்கென்று 1994-இலும், அகாம்ப்ரோசேட்டுக்கு 2004-இலும் அனுமதி கிடைத்தது. இவை யாரையும் தண்டிப்பதில்லை, போதையும் தருவதில்லை, வேட்கையின் முனையை மழுக்குகின்றன. லியோ கேரனோடு பேசிய 2000-இல் நால்ட்ரெக்சோன் மருந்துக் கடையில் இருந்தது. 2019-இல்கூட அமெரிக்காவில் குடிநோய் உள்ளவர்களில் இத்தகைய மருந்து எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் இல்லை.

ஏன் திரைக்கு வரவில்லை என்பது புரியாமல் இல்லை. மாத்திரையை விழுங்குவதில் நாடகம் கிடையாது. கல்லீரல் பரிசோதனை, ஓபியாய்டு என்ற அபின் வகை வலிமருந்து எடுப்பவருக்கு ஆகாது என்ற எச்சரிக்கை, மாதாமாதம் மருத்துவரிடம் போய் வருவது: இதை வைத்து யார் வசனம் எழுதுவார்? இருந்தாலும் எனக்கு ஒரு காட்சி பார்க்க ஆசை. குடிக்கும் சூழலுக்குப் போகும் முன் நால்ட்ரெக்சோன் எடுத்துக்கொள்ளும் முறை ஆய்வுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. சிலருக்கு அதனால் குடிக்கும் அளவு நன்றாகவே குறைகிறது. அப்படி ஒருவர், முப்பது வருடக் குடிகாரர், விருந்தில் உட்கார்ந்திருக்கிறார். பாதி ஒயின் மீதமிருக்கிறது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தனக்குப் புரிவதே இல்லை என்று லியோ சொன்ன ஆட்களில் ஒருவராகத் தான் ஆகியிருப்பதை வாசலில் வைத்து உணர்கிறார். அந்த முகத்தை நடித்துக் காட்ட ஸ்பென்சர் இருந்திருக்கலாம். அவர் 2005 டிசம்பரில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாரடைப்பில் இறந்துபோனார், வயது 58.